ஒளித்து வைத்த இடம் பிள்ளைக்குத் தெரியும்

2024 அக்டோபர் 1, விடிவதற்கு முன் ஐந்து மணியை நெருங்கும் நேரம். மும்பை ஜுஹுவில் இந்தி நடிகர் கோவிந்தா கொல்கத்தாவுக்கு விமானம் ஏறப் புறப்பட்டுக் கொண்டிருந்தார். கையில் உரிமம் பெற்ற ரிவால்வர். அலமாரியில் வைக்கப் போனபோது நழுவி விழுந்து வெடித்துவிட்டது என்று அவர் தரப்பில் சொன்னார்கள். குண்டு இடது காலில், முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. அறுவைச் சிகிச்சை செய்து குண்டை எடுத்த பிறகு சில நாள்களில் வீடு திரும்பினார்.

பினாங்கின் பாயான் பாருவிலும் இந்தச் செய்தி கைப்பேசிகளில் சுற்றியது. பலரும் நடிகருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். குண்டு நிரப்பிய ரிவால்வர் துணி அலமாரிக்கு ஏன் போனது என்ற கேள்வி யார் வாயிலும் வரவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

பழைய ரிவால்வர்கள் பலவற்றில் சுத்தியல் நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் சாய்ந்திருக்கும். தரையில் மோதினால் அந்த அடியே போதும், விசையைத் தொடாமலே வெடிக்கும். அதனால்தான் பழக்கப்பட்டவர்கள் சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விடுவார்கள். பிற்காலத்து ரிவால்வர்களில் இதைத் தடுக்க உள்ளேயே ஒரு தடுப்பு உண்டு. ஆனால், தாத்தா காலத்து ஆயுதம் வைத்திருப்பவருக்குத் தன்னுடையது எந்த வகை என்று பெரும்பாலும் தெரிவதில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை எங்கே வைக்கிறார்கள்? சேலை அடுக்குக்குப் பின்னால், மெத்தைக்கு அடியில், பரணில், கட்டிலோர இழுப்பறையில். நகையை ஒளிக்கிற அதே இடங்கள். அவை திருடனை மனத்தில் வைத்துத் தேர்ந்தவை. திருடனுக்கு அந்த வீடு புதிது, பிள்ளைக்கு அப்படியல்ல. தீபாவளிப் பலகாரம் எந்த டின்னில், அம்மாவின் பணப்பை எந்தக் கொக்கியில் என்று எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கிராமப் பகுதியில் துப்பாக்கி உள்ள வீடுகளின் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 73 விழுக்காட்டினருக்குத் துப்பாக்கி இருக்கும் இடம் தெரிந்திருந்தது. 36 விழுக்காட்டினர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தார்கள். “என் பிள்ளை தொட்டதே இல்லை” என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டவர்களின் பிள்ளைகள், தொட்டதாகச் சொன்னார்கள்.

அட்லாண்டாவில் மருத்துவர்கள் செய்த சோதனை இன்னும் கலங்க வைக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். ஓர் இழுப்பறையில் சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கி இருந்தது, வேறொன்றில் தண்ணீர்த் துப்பாக்கிகள் இருந்தன. 48 பேர் நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் எடுத்துப் பிடித்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். கண்டவர்களில் பாதிப்பேர் வரை அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது சந்தேகத்தில் இருந்தார்கள். எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குத் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்ற அறிவுரை முன்பே சொல்லப்பட்டிருந்தது. 2001இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகு “சொல்லி வளர்த்திருக்கிறேன்” என்ற பெற்றோரின் வார்த்தையை நம்பி ஒரு வீட்டை விட முடியுமா? தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கும் நமக்கு இதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் 2023 ஜனவரி 6 அன்று, ஆறு வயதுச் சிறுவன் வகுப்பறையில் தன் ஆசிரியையைச் சுட்டான். ஆசிரியை உயிர் பிழைத்தார். துப்பாக்கி தாயுடையது. உயரமான தட்டில் பூட்டுப் போட்டு வைத்திருந்ததாக முதலில் சொல்லப்பட்டது. இழுப்பறை மேசை மேல் ஏறி அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்ததாகச் சிறுவன் சொன்னான். தாய்க்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறிப் போக முடியாத உயரம் ஆறு வயதுப் பையனுக்கு எந்த வீட்டில் இருக்கிறது?

மலேசியாவில் பேச்சு வேறு விதம். துப்பாக்கி என்றாலே இங்கே சட்டமும் தண்டனையும்தான் நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலத்தில் துப்பாக்கி வைத்திருந்ததே மரண தண்டனைக்குரிய குற்றம். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அந்தக் குற்றச்சாட்டில்தான் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிறகு 1960இன் ஆயுதச் சட்டம் வந்தது, 1971இல் தண்டனையைக் கடுமையாக்கும் சட்டம் வந்தது. உரிமமில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படி. பினாங்கிலோ 2016 டிசம்பர் 1 அன்று துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் ஒரு மெய்க்காப்பாளர் தன் முதலாளியையும் வழியில் இருந்தவர்களையும் சுட்டதை யாரும் மறக்கவில்லை. அன்று மூவர் இறந்தார்கள்.

ஆக, யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்பதில் நாடு கண்டிப்பாக இருக்கிறது. அந்தக் கண்டிப்பு பல உயிர்களைக் காத்திருக்கிறது என்றே இந்தப் பத்தி நம்புகிறது. ஆனால், உரிமம் கிடைத்த பிறகு அது வீட்டில் எந்த மூலையில் உறங்குகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்ட உரிமம் பெற்ற தோட்டக்காரர்கள் நாட்டில் இருக்கிறார்கள். மலாயில் செனாப்பாங் பாத்தா எனப்படும், நடுவில் மடியும் துப்பாக்கிதான் அவர்களிடம் அதிகம். கதவு மூலையில் சாத்தி வைத்தால் அடுத்த முறை பன்றி வரும்போது சட்டென்று எடுக்கலாம் என்பது அவர்களின் நியாயம். சட்டென்று எடுப்பது அவர்களுக்கு மட்டும் வசதியல்ல என்பதுதான் சிக்கல்.

ஏர்கன்னையும் இங்கே சேர்க்க வேண்டும். பலர் அதை விளையாட்டுச் சாமானாக நினைக்கிறார்கள். மலேசியச் சட்டம் அதையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது. அதன் குண்டு ஒரு பிள்ளையின் கண்ணைப் பறிக்கப் போதுமானது.

பிள்ளைகள் மட்டுமல்ல, மனம் உடைந்து நிற்கும் பெரியவர்களும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் அந்தக் கொடுமையான வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் ஆயுதம் எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தங்கும். வீட்டில் யாராவது அப்படித் தவிக்கிறார் என்று தெரிந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வழி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. குண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். துப்பாக்கியைச் சுவரோடு திருகிய இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். தோட்டாவை வேறு பெட்டியில், வேறு சாவியில் வைக்க வேண்டும். 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இத்தகைய பழக்கங்கள் ஒவ்வொன்றும் உள்ள வீடுகளில் துப்பாக்கியால் நேரும் இளையோர் தற்கொலையும் விபத்தும் குறைவு என்று சொல்கிறது. செனாப்பாங் பாத்தா வைத்திருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. குழலைக் கழற்றுவது சில நொடி வேலை. குழலைத் தனியாகவும் கட்டையைத் தனியாகவும் பூட்டினால் அது துப்பாக்கியே அல்ல. சாவியைக் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் மட்டும் எல்லாம் வீண்.

ஜப்பானில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனித்தனிப் பெட்டகம் கட்டாயம். போலீஸ் ஆண்டுதோறும் சோதிக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் 2021இல் பதினைந்து வயது மாணவன் பள்ளியில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான். அவனுடைய தந்தைக்கும் தாய்க்கும் 2024 ஏப்ரலில் பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறை கிடைத்தது. சிறுவர்கள் வரக்கூடிய வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. நான்கு குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு. நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் குறைவு. அத்தனை வீட்டிலும் பெட்டியை நேரில் பார்த்து, பூட்டை இழுத்துப் பார்த்த பின் உரிமத்தைப் புதுப்பிப்பது நம் போலீஸுக்கு முடியாத காரியமல்ல. புதுப்பிக்கப் போகிற தோட்டக்காரரும் “வந்து பாருங்கள்” என்று தாமாகவே அழைக்கலாம்.