பட்டா இல்லாத மீன்

சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறிக் கல்லூரிக்குப் போகும் தோழர்களே, வழியில் வரும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? குரோம் தோல் கம்பெனி இருந்த இடம். தோல் பதனிட உதவும் அதே குரோமியம்தான் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளிலிருந்து பாலாற்றில் இறங்கியது. அந்த ஆறுதான் நம்ம செங்கல்பட்டைத் தொட்டு வயலூரில் கடலுக்குப் போகிறது.

1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது என்று அதில் இருக்கிறது. 2001-ல் இழப்பீடு நிர்ணயித்தார்கள்: 186 கிராமங்கள், 29,193 பேர், 15,164 ஹெக்டேர். 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் தீர்ப்பு, இழப்பீடு கொடு, குழு போடு என்று. எல்லாம் சரி. மீன் எங்கே? இந்தக் கணக்கு எதிலும் மீனுக்கென்று ஒரு பத்தியை நான் பார்த்ததில்லை. ஹெக்டேருக்குப் பட்டா உண்டு, பட்டாவுக்குச் சாதி உண்டு. மீனுக்கு என்ன இருக்கிறது?

மீன் எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குரோமியம் ஆறு இணைதிறன் வடிவில் இருந்தால் செவுள் வழியாக நேரே ரத்தத்தில் ஏறும். செவுளின் மெல்லிய இதழ்கள் தடித்துப்போகும், சளி மூடிக்கொள்ளும், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். சாக்கடை செய்வது வேறு வேலை. அழுகுவதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துத் தின்றுவிடும். செங்கல்பட்டு கொளவாய் ஏரியில் நகரத்துச் சாக்கடை வருஷக்கணக்காக விழுந்ததே, அது இந்தக் கதைதான். அப்படிப்பட்ட தண்ணீரில் முதலில் மிதப்பது கெண்டை. விராலும் குரவையும் தேளியும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். பிழைத்த மீனின் ஈரலிலும் குடலிலும் விஷம் தங்கும். சேரிச் சட்டிக்கு வருவது அந்த மீன்தான். பொடிமீனுக்கு யார் குடல் எடுக்கிறார்கள்?

எங்கம்மா ஊத்தா எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கும். கூலி இல்லாத நாளில் அதுதான் குழம்பு. ஏரி மீனைத் தொட முடியாது, மீன்பாசி ஏலம் எடுத்தவன் விடமாட்டான். மடை திறந்து விடும் கம்புகட்டி நம்மாள், ஆனால் மடையில் விழும் மீன் நம்முடையதில்லை. வாய்க்கால் ஒன்றுதான் யாரும் கேட்காத இடமாக இருந்தது. "வாடை அடிக்குதுடா, பூனைகூட மோந்துட்டுப் போயிடுது" என்று ஒருநாள் மீனைக் கொட்டிவிட்டது. அந்த நஷ்டத்தை எந்த மனுவில் எழுதுவது?

நமக்கு ஏன் நிலமில்லை என்பது இதே செங்கல்பட்டின் கதை. 1891-ல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுதினார், 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்ட காரணை போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ல் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நிலம் பிடுங்கப்பட்டவனுக்கு மிச்சமிருந்தது மீன். இப்போது அதுவும் போகிறது, நிலமில்லாததால் இழப்பீடும் இல்லை.

தோல் ஷாப்பை மூடு என்று நான் சொல்லவில்லை. அங்கே குழியில் இறங்குகிறவனும் நம்மைப் போன்றவன்தான். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். தோல் என்றாலே மூக்கைப் பொத்துகிற சாதி இந்து சுற்றுச்சூழல்வாதியோடு எனக்குக் கூட்டணி கிடையாது. நாம் தொட்டால் குளம் தீட்டு என்றவர்கள் மகாடில் அம்பேத்கரோடு வந்தவர்களை அடித்தார்கள். வேங்கைவயலில் 2022-ல் நம் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. தண்ணீரின் சுத்தத்தைப் பற்றி நமக்குப் பாடம் நடத்த இவர்கள் யார்?

ஜப்பானில் மினமாட்டாவில் மீன் மிதந்தது, பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956-ல் மனிதரின் நோய் பதிவானது. தொழிற்சாலைப் பாதரசம்தான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. செத்தவர்களில் மீனவர்கள் அதிகம்.

அடுத்த கிராமசபையில் மீன்பாசி ஏலக் கணக்கைக் கேளுங்கள், சேரிக்குக் குத்தகை கேளுங்கள், இழப்பீட்டுக் கணக்கில் மீனைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை. விடிகாலை நாலரைக்குக் கரையில் நின்று, எத்தனை மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவது அப்போதுதான். வெயில் ஏறினால் பாசி அதைக் கூட்டிவிடும். அதிகாரி பாட்டிலோடு வருவது பதினோரு மணிக்கு.