கல்லாப்பெட்டி பராமரிக்காது

“இலவசமாக விட்டால் மைதானம் பாழாகும், கட்டணம் வைத்தால்தான் பராமரிக்க முடியும்” என்கிறார் பொது விளையாட்டுத் திடல்களுக்குக் கட்டணம் கேட்டு எழுதிய ஒரு கட்டுரையாளர். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சியும் இப்படித்தான் கிளம்பியது. 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கியது.

கணக்குப் போடுவோம். வாரம் 5 நாள், தினம் ஒரு மணி நேரம் ஆடும் வியாசர்பாடிப் பையனுக்கு நான்கு வாரத்தில் 2,400 ரூபாய். யார் கொடுப்பது?

திடலைக் கெடுப்பது அவன் கால் அல்ல. பிரிந்த தையலை ஒட்டாமல், ஒதுங்கிய ரப்பர் துகள்களைச் சீவிப் பரப்பாமல் விடும் நிர்வாகம். தேவை ஒரு பராமரிப்பாளர், ஒழுங்கான நேரப் பட்டியல், பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம். சொத்து வரி வாங்கியாயிற்று. வாசலில் இன்னொரு வசூல் எதற்கு?