தையல் பிரித்த பிறகு

கேரளத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஓராண்டுக்குள் இறப்பவை 5. அமெரிக்காவில் 5.6. கடந்த 2025 செப்டம்பரில் இந்தக் கணக்கு வெளியானதும், அமெரிக்காவையே முந்திவிட்டோம் என்று திருவனந்தபுரம் பூரித்தது. தேசிய சராசரி 25 ஆக இருக்கும்போது பூரிப்பதில் தப்பில்லை. எரிச்சல் வேறிடத்தில். முதல் பிறந்தநாளைத் தாண்டிவிட்ட குழந்தை என்ன ஆயிற்று என்று அந்த எண் சொல்லாது, கொண்டாடுபவர்களும் கேட்பதில்லை.

ஆசனவாய் இல்லாமலோ, இடம் மாறியோ ஐயாயிரத்தில் ஒரு குழந்தை பிறக்கிறது. கேரளத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை முதல் நான்கு லட்சம் பிரசவம் என்றால், அப்படி எழுபது, எண்பது குழந்தைகள். பலருக்கும் பிறந்த ஓரிரு நாளில் வயிற்றில் துளையிட்டு மலத்துக்கு வழி செய்கிறார்கள். சில மாதம் கழித்து ஆசனவாய் அமைத்து, பிறகு துளையை மூடுகிறார்கள். இன்று உலகெங்கும் செய்யப்படும் முறையை 1980இல் மெக்சிகோவில் தொடங்கிவைத்தவர் அல்பெர்த்தோ பேன்யா. அவருடைய நோயாளிகளிலேயே கால்வாசிப் பேருக்கு மலத்தை அடக்கும் திறன் வாய்க்கவில்லை. கத்தி பிடித்தவர் குற்றமல்ல. சுருக்குத்தசையும் நரம்பும் பிறவியிலேயே குறை. இப்படி அடக்க முடியாத, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் கூட்டினால் கேரளத்தில் மட்டும் முந்நூறுக்கு மேல் வரும். தண்டுவடப் பிளவோடு பிறந்தவர்களை நான் சேர்க்கவே இல்லை.

ஏழாம் வகுப்பில் டயப்பர் கட்டிக்கொண்டு உட்காரும் பையனை நினைத்துப் பாருங்கள். நாற்றத்துக்குப் பயந்து மதியம் சாப்பிட மாட்டான். விளையாட்டு வகுப்பு என்றால் வயிற்றுவலி வந்துவிடும். கடைசியில் பள்ளிக்கே முழுக்கு.

வளர்ந்தால் சரியாகிவிடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. வைத்தியம் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. தினம் ஒரே நேரத்தில் உப்புநீர் எனிமா; முக்கால் மணி நேரம் கழிவறையில்; அடுத்த நாள் வரை குடல் காலி, உள்ளாடை சுத்தம். அளவைப் பிடிப்பதில்தான் வித்தை. ஒரு வாரம் தினமும் வயிற்று எக்ஸ்ரே எடுத்து, மலம் மிச்சமிருந்தால் நீரையோ கிளிசரினையோ கூட்ட வேண்டும். மலம் இறுகி அடைத்து, அதன் ஓரமாகக் கசிகிற குழந்தைக்கு வேண்டியது மலமிளக்கி. அடக்கும் திறனே இல்லாத குழந்தைக்கு அதையே கொடுத்தால் நாள் முழுக்க ஒழுகும். இதைப் பிரித்தறியாமல் எத்தனை வீடுகளில் எத்தனை சிரப் பாட்டில்கள்!

இனி அரசின் பட்டியல்கள். 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் ஒன்பது பிறவிக் குறைகளை எண்ணுகிறது: பிளவுண்ட உதடு, வளைபாதம், இதயக் கோளாறு என்று. ஆசனவாய்க் குறை அதில் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் மலம் தங்காமை இல்லை. இதயத்துக்கு மட்டும் கேரளம் 2017லேயே ‘ஹிருத்யம்’ என்ற திட்டம் கண்டது. இதயம் கவிதைக்குரிய உறுப்பு, அமைச்சர்கள் படமெடுத்துக்கொள்ளலாம். குதத்தோடு யார் படமெடுத்துக்கொள்வார்கள்? உயிருக்கு ஆபத்தில்லை, முன்னுரிமை தர முடியாது என்று வாதிடும் அதிகாரிகள், ஒரே ஒரு நாள் ஈர டயப்பரோடு தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்க்கட்டும்.

குடல் கழுவ வெளிநாட்டுக் கருவிகள் உண்டு. விலை ஏழைக்கு எட்டாது. ஒரு பை, ஒரு குழாய், ஒரு கூம்பு, அவ்வளவுதான். திருவனந்தபுரத்தின் எஸ்.ஏ.டி. அரசு மருத்துவமனையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். இதய வால்வைச் செய்து 1990இல் மனித நெஞ்சில் பொருத்தியவர்கள் அவர்கள். இந்தக் கூம்பா அவர்களுக்குப் பெரிய வேலை?

ஹிருத்யம் போல ஒரு பதிவேடு, வாரம் ஒருநாள் தனிப் பிரிவு, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர், வீட்டுக்கு இலவசக் கருவி. இவ்வளவு செய்தால் இரண்டே ஆண்டில் கேரளத்தில் ஒரு பிள்ளைகூட இதற்காகப் பள்ளியை விட்டு நிற்காது. பந்தயம் கட்டத் தயார். ஓணம் வார விளக்கு அலங்காரச் செலவில் ஒரு துளி போதும். குமரி மாவட்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டி எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கு வருகிற நம் பிள்ளைகளும் உண்டு. ஆகவே சென்னையும் தன் பங்கை எண்ணி வைக்கட்டும்.