மூப்புப் பட்டியலும் தலைமை நாற்காலியும்

வகுப்பறையில் இருபத்தைந்து ஆண்டுகள் நற்பெயருடன் உழைத்த உபாத்தியாயர் ஒருவர், தலைமையாசிரியரின் நாற்காலியில் அமர்ந்த மாத்திரத்திலேயே நல்ல நிர்வாகியாகவும் ஆகிவிடுவார் என்ற நம்பிக்கை, மாதுங்காவின் பழம்பெருங் கல்விச் சங்கங்கள் முதல் தாராவியின் முனிசிபல் பள்ளிகள் வரையில், மும்பைத் தமிழரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. "அவருக்கு இல்லாத அனுபவமா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் சபையில் விவாதம் அத்துடன் ஓய்ந்துவிடும். இந்த அபிப்பிராயத்தைப் போற்றுகிறவர்கள் பெரியவர்கள். இதனால் விளையும் நஷ்டத்தைச் சுமக்கிறவர்களோ வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைகள். ஆகையால் இதைக் கண்டிப்பதை ஒரு கடமையாகவே கருதுகிறேன்.

மகாராஷ்டிரத்தில் இந்நம்பிக்கைக்குச் சட்டத்தின் அந்தஸ்தே கிடைத்திருக்கிறது. தனியார் பள்ளி ஊழியர்களுக்கென்று 1977-இல் பிறந்த சட்டத்தின் கீழ் 1981-இல் வகுக்கப்பட்ட விதிகள், உயர்நிலைப் பள்ளியின் தலைமைக்கு வருபவருக்குப் பட்டமும், ஆசிரியப் பயிற்சியும், ஐந்தாண்டுக் கற்பித்தல் அனுபவமும் வேண்டுமென்று கூறி, திருப்தியான பணிப்பதிவு உடையோருள் மூப்பில் முதல்வராக நிற்பவரையே அப்பதவியில் அமர்த்தச் சொல்கின்றன. நிர்வாகிகள் தமக்கு வேண்டியவர்களை உயர்த்தி வேண்டாதவர்களை ஒதுக்கிவந்த அக்கிரமத்துக்கு இந்த விதி ஒரு வேலியாக அமைந்தது என்பதை நான் மறக்கவில்லை. அந்த வேலியைப் பிடுங்கி எறியும்படி கேட்பதும் என் நோக்கமன்று. ஆனால் மூப்புப் பட்டியல் சொல்வது ஒருவர் எத்தனை வருஷம் பணியில் இருந்தார் என்பதை மட்டுமே. ஒரு ஸ்தாபனத்தை நடத்த அவர் எங்கே, யாரிடம், எப்பொழுது கற்றுக்கொண்டார் என்று அந்தப் பட்டியலைக் கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அந்தப் பதில் இல்லாததன் விளைவை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நான் படித்த தமிழ்வழிப் பள்ளியில் கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், கரும்பலகையில் வட்டம் போட்டால் கைவிசையாலேயே அது பிசகின்றி அமையும். தோல் பதனிடும் கொட்டடிகளுக்குக் கூலி வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், கணக்கு என்றால் நடுங்கிய காலம் போய், அவர் வகுப்புக்காகக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர் தம் ஐம்பத்தாறாவது வயதில் தலைமையாசிரியரானார். ஒரு மாதக் கடைசியில், மாலை நான்கு மணிக்கு, ஓய்வு பெற்றுச் சென்றவர் சாவிக்கொத்தையும் பொருள் பட்டியலையும் அவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். புதிய தலைமையாசிரியர் பெற்ற பயிற்சி முழுவதும் அந்த ஒரு மாலைப்பொழுதுதான்.

சில வாரங்களில் தாராவியின் தொண்ணூறடிச் சாலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தாள். "சார், எம் பிள்ளையோட எல்.சி.யில அப்பன் பேரும் சாதியும் மாறிக் கெடக்கு, காலேஜுல சேக்க மாட்டேங்காக," என்றாள். பள்ளியின் ஜெனரல் ரெஜிஸ்டரில் முதல் வகுப்பில் எழுதப்படும் ஒரு வரியே பிற்பாடு எல்.சி. என்னும் பள்ளி விடுப்புச் சான்றிதழாகவும், சாதிச் சான்றிதழுக்கு ஆதாரமாகவும், உதவித்தொகைக்கு வாசலாகவும் மாறுகிறது என்பதும், பிள்ளை பள்ளியை விட்டுச் சென்ற பிறகு அவ்வரியைத் திருத்தக் கல்வி அதிகாரியின் அனுமதி வேண்டும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லித் தராத விஷயங்கள். அவர் அந்தத் தாயை வார்டு ஆபீசுக்கு அனுப்பினார், அங்கிருந்து அவள் திரும்பி வந்தாள், மறுபடியும் அனுப்பினார். பையனுக்கு ஒரு வருஷம் வீணாயிற்று. வடிவியல் தேற்றங்களை மூச்சுவிடாமல் நிரூபித்த அந்த மனிதர் ஒரு பதிவேட்டின் முன் கை நடுங்க உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் மனத்தை வருத்துகிறது. வெகு சீக்கிரத்தில் பள்ளியை உண்மையில் நடத்தியவர் எழுத்தராகிவிட்டார். தலைமையாசிரியர் தம் ஐம்பத்தெட்டாவது வயதில், விதிப்படி, ஓய்வு பெற்றுச் சென்றார். அதற்குள் அவர் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்த சொற்பமும் அவரோடேயே போயிற்று. ஒரு நல்ல கணித ஆசிரியரையும் இழந்தோம், ஒரு நல்ல தலைவரையும் பெறவில்லை. அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

முனிசிபல் பள்ளிகளின் நிலைமை இன்னும் பரிதாபகரமானது. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பாடசாலைகள் நடத்தும் பெருமை இந்நகரத்துக்கு உண்டு. ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியர் என்று கணக்கிடுகிறது. ஆங்கில மோகத்தினால் சேர்க்கை தேய்ந்து வரும் தமிழ்ப் பள்ளிக்கு அந்த எண்ணிக்கையே எட்டாக்கனி. ஆகவே ஓர் ஆசிரியை 'பிரபாரி', அதாவது பொறுப்புத் தலைமையாசிரியை, என்ற பெயரில் வகுப்பையும் எடுத்துக்கொண்டு, மதிய உணவுக் கணக்கையும், சரல், யூடைஸ் என்ற அரசாங்கத்தின் இணையப் பதிவுகளையும், பெற்றோர் முக்கால் பங்கினராய் அமரவேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவையும், பள்ளிகளை மேற்பார்வையிடும் பீட் ஆபீசரின் வருகையையும் ஒருங்கே சமாளிக்கிறார். ஒரு பள்ளி சிறுத்துக்கொண்டே போகும்போதுதான், வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசி அதைத் தூக்கி நிறுத்தத் தெரிந்த தலைமை தேவைப்படுகிறது. அத்தகைய பள்ளிகளுக்கே அது மறுக்கப்படுகிறது.

பயிற்சிகள் நடக்கவில்லையா என்று கேட்பார்கள். நடக்கின்றன. கல்வி நிர்வாகிகளுக்கென்று 1962-இல் டில்லியில் யுனெஸ்கோவின் ஆதரவில் முளைத்த நிலையம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் 2012 முதல் அதில் இயங்குகிறது. நாசிக்கின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பள்ளி நிர்வாகத்தில் பட்டயம் வழங்குகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை தலைமையாசிரியர்களுக்கு வருஷத்துக்கு ஐம்பது மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. இவற்றில் எதையும் நான் இகழவில்லை. ஆனால் பதவிக்கு வந்த பிறகு, மண்டபத்தில் உட்கார்ந்து, திரையில் ஓடும் படங்களைப் பார்த்துக் கேட்கும் உபந்நியாசம் வேறு. பதவிக்கு வருமுன், ஒரு கைதேர்ந்த தலைமையாசிரியரின் பக்கத்தில் அமர்ந்து, கோபத்துடன் வந்த தகப்பனை அவர் எப்படி உட்காரவைத்துப் பேசுகிறார், இரண்டு ஆசிரியர்களின் பிணக்கை எப்படித் தீர்க்கிறார், புதிதாய் வந்த ஆசிரியையின் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து அவள் மனம் புண்படாமல் குறையை எப்படிச் சொல்கிறார் என்று நாள்தோறும் கண்டு கற்பது வேறு.

சிங்கப்பூர் இதை உணர்ந்திருக்கிறது. தலைமைக்குத் தேர்ந்தெடுத்தவர்களை பல மாத காலம் பள்ளி வேலையிலிருந்து விடுவித்துப் பயிற்றுவிக்கும் திட்டம் 2001 முதல் அங்கே நடந்துவருகிறது. இங்கிலாந்தின் கதை எச்சரிக்கையாக அமைகிறது: 1997-இல் தோன்றிய தலைமையாசிரியர் தகுதிப் பயிற்சியை 2009-இல் கட்டாயமாக்கி, 2012-இல் அக்கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அனுபவமே போதும் என்ற மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

நமக்கு அந்நிய உதாரணங்கள் அவசியமுமில்லை. கிங்ஸ் சர்க்கிளை அடுத்த ஷண்முகானந்தா சபையில் முப்பது ஆண்டுகளாக முன் வரிசையில் அமர்ந்து கச்சேரி கேட்ட ரசிகர் ஒருவரை, கேள்வி ஞானத்தில் மூத்தவர் என்ற காரணத்துக்காக, மேடையேற்றி மிருதங்கத்தைக் கையில் கொடுப்போமா? குருவின் பக்கத்தில் அமர்ந்து, தட்டித் திருத்தப்பட்டு, முதலில் சிறு கச்சேரிகளில் வாசித்துப் பழகிய பிறகே அரங்கேற்றம் என்பதில் நம்மில் யாருக்கும் சந்தேகமில்லை. கலைக்கு நாம் விதிக்கும் அந்த நியாயத்தை ஒரு பள்ளியின் எண்ணூறு குழந்தைகளின் எதிர்காலத்துக்கு ஏன் விதிக்கலாகாது?

இதில் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. மேற்சொன்ன 1977-ஆம் ஆண்டுச் சட்டமே, நம்முடையவை போன்ற மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் தம் தலைவரை நியமிப்பதில் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று விலக்களித்திருக்கிறது. எம். வி. வெங்கடேசுவரன் 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிய காலம் முதலாக, கைப்பொருளைக் கொட்டிப் பள்ளிகளை எழுப்பிய சமூகம் நம்முடையது. கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால் இன்றும் கொடுக்கிறோம். தலைமைக்கு வரப்போகிறவரை ஓர் ஆண்டு முன்னதாகவே அடையாளங்கண்டு, அவருடைய பாடவேளையில் பாதியைக் குறைத்து, இருக்கும் தலைமையாசிரியரின் அறையில் இரண்டாவது மேஜை போட்டு அமர்த்துவதற்கும், செம்பூரிலும் மாதுங்காவிலும் ஓய்வுடன் வாழும் பழைய தலைமையாசிரியர்களை, புதியவர் பதவியேற்ற முதல் இரண்டு வருஷங்களுக்கு மாதம் ஒருமுறை வந்து அவரோடு உட்கார்ந்து பேசும்படி வேண்டிக்கொள்வதற்கும் ஆகும் செலவு, ஒரு கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் செலவைவிட அதிகமாக இராது. அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகும் தலைமையாசிரியர் யார், எந்தத் தேதியில் என்பது ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசிக்கும் இன்றே தெரியும். அவர் அறையில் அந்த இரண்டாவது மேஜையை யாருக்காகப் போடுவது என்பதை வருகிற தீபாவளிக்குள் அவர்கள் தீர்மானித்துவிடலாம்.