விளக்கை அணைப்பது வேறு, பழுதை நீக்குவது வேறு

விழுப்புரம் மாவட்டம் கெடாரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். டிராக்டர் செல்ஃப் மோட்டார், லோடு வண்டி வயரிங் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு இப்போது கார்களும் நிறைய வருகின்றன. அவற்றில் பலவற்றுக்கும் ஒரே குறைதான். "அண்ணே, ஏர்பேக் லைட்டு எரிஞ்சிக்கினே இருக்குது, அதை மட்டும் அணைச்சி வுட்டுடுங்க" என்பார்கள். வண்டி நன்றாக ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, மைலேஜும் குறையவில்லை. மீட்டரில் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் என்ன குடி முழுகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அணைப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் செய்வதில்லை. எந்த மெக்கானிக்கும் செய்யக் கூடாது என்பேன்.

இந்தக் குறை இப்போது எங்கள் பக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் 2021-இல் கட்டாயமாக்கினார்கள். அப்போது சென்னையிலும் புதுச்சேரியிலும் ஷோரூமை விட்டு இறங்கிய வண்டிகள், இரண்டு கை மூன்று கை மாறி, இன்று காணை, கண்டாச்சிபுரம், கெடார் என்று வந்து சேர்ந்திருக்கின்றன. வாரண்டி முடிந்துவிட்டது. கம்பெனி சர்வீஸுக்கு விழுப்புரம் போக வேண்டும். போனால் பில் எவ்வளவு வருமோ என்ற பயம். ஏர்பேக் ஊருக்கு வந்துவிட்டது, அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் வரவில்லை.

சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து, ஆறேழு விநாடிகளில் தானாக அணைய வேண்டும். அந்த நேரத்தில் ஏர்பேக் கம்ப்யூட்டர் தன் சென்சார்களையும் வயர்களையும் ஒரு சுற்று சோதித்துக்கொள்கிறது. அணையாமல் நின்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. வண்டி மோதும்போது பை விரியாமல் போகலாம். அந்த நொடியில் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இறுக்கிப் பிடிக்கும் கருவியும் வேலை செய்யாமல் போகலாம்.

காரணத்தைத் தேடும் வேலையில் பாதியை வண்டிக்காரரே வீட்டு வாசலில் செய்துவிடலாம். ஹாரனும் சேர்ந்து அடங்கிவிட்டதா? ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களும் செத்துவிட்டனவா? அப்படியானால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் க்ளாக் ஸ்பிரிங் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டுநர் ஏர்பேக்குக்கான இணைப்பும் அந்த ரிப்பன் வயரில்தான் போகிறது. வண்டி நெடுநாள் நின்று, பேட்டரி இறங்கி, வேறு வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்த பிறகு விளக்கு வந்ததா? பேட்டரியைச் சோதியுங்கள். நிற்கும் வண்டியில் பன்னிரண்டரை வோல்ட், இஞ்சின் ஓடும்போது பதினான்கை ஒட்டி இருக்க வேண்டும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது விளக்கு வந்து வந்து போகிறதா? சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கப்ளர் தளர்ந்திருக்கும். பின்னால் மல்லாட்டை மூட்டை ஏற்றுவதற்காக முன் சீட்டை நெருக்கித் தள்ளியதில் கப்ளர் கழன்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். நெல் அறுப்பு முடிந்ததும் வயலை விட்டு வரும் எலிகள் வயரைக் கடித்து வைப்பதும் இங்கே வழக்கம்.

அடுத்து, வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர் கியர் லீவருக்குக் கீழே, தரையை ஒட்டி இருக்கிறது. மிதியடி நனையும் அளவுக்குத் தண்ணீர் வந்திருந்தாலே போதும். வண்டியைக் காய வைத்து ஓட்டத் தொடங்கி மாதங்கள் கழித்துக்கூட டெர்மினல்களில் களிம்பு ஏறி விளக்கு எரியும். மழையில் நின்ற வண்டி என்பதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கப்ளரைத் தொடுவதற்கு முன் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகடிவ் கேபிளைக் கழற்றி, பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். விபத்தில் பேட்டரி நொறுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கம்ப்யூட்டருக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமிக்கப்பட்டிருக்கும். அது இறங்கத்தான் இந்த நேரம். பிறகு கப்ளரைத் துடைத்து, அழுத்திப் பொருத்திப் பார்க்கலாம். வீட்டு வேலை அதோடு முடிந்தது. ஏர்பேக் வயரில் டெஸ்ட் லைட்டையோ மல்டிமீட்டரையோ வைக்கவே கூடாது. ஓம் பார்க்க மீட்டர் அனுப்பும் சிறு கரண்ட்கூடப் பைக்குள் இருக்கும் மருந்தைப் பற்ற வைத்துவிடலாம். பட்டாசு போலத் திரி எரியும் அவகாசமெல்லாம் அதில் கிடையாது. கண் இமைப்பதற்குள் முகத்தில் அறைந்துவிடும். ஸ்டியரிங்கைக் கழற்றுவது, அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது எல்லாம் வீட்டில் செய்யும் வேலை அல்ல.

ஆன்லைனில் வாங்கும் மலிவு ப்ளூடூத் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை இஞ்சின் கோளாறை மட்டுமே காட்டும். ஏர்பேக்கின் கோளாறுக் குறியீடான 'கோடு' படிக்க அதற்குரிய ஸ்கேனர் வேண்டும். கோடு படித்து, காரணத்தைச் சரிசெய்து, அதன் பிறகே கோடை அழிக்க வேண்டும்.

செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும் என்பதும் இல்லை. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதித்து இலவசமாக மாற்றித்தர 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஜப்பானின் தகாட்டா நிறுவனத்து ஏர்பேக்குகளோ, வெயிலிலும் ஈரக்காற்றிலும் மருந்து கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தன. உலகெங்கும் கோடிக்கணக்கில் அவற்றை மாற்ற வேண்டியிருந்தது. 2017-இல் அந்த நிறுவனமே திவாலானது. அந்தக் கோளாறுக்கு எந்த விளக்கும் எரியாது. அதனால் உங்கள் சேசிஸ் எண்ணைக் கார் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் தெரிந்தே சிலர் குறுக்கு வழி சொல்லித் தருகிறார்கள். விளக்கைப் பிடுங்கிவிடுவது, ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகிக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது என்று பல தந்திரங்கள். சீட் பெல்ட் அலாரத்தை வாயடைக்கும் க்ளிப் கதையும் இதுதான். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்ட பிறகு 5 இணைய விற்பனை நிறுவனங்கள் அத்தகைய 13,118 விளம்பரங்களை நீக்கின. க்ளிப் விற்பது தவறென்றால் விளக்கைப் பிடுங்கி வண்டியை விற்பது எத்தனை பெரிய தவறு? 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் மூன்று வயது தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். ஏர்பேக் விளக்கு கோளாறு காட்டினால் தேறாது. நம் ஊரில் சொந்தக் காருக்குப் புகைச் சான்று தவிர 15 ஆண்டுகளுக்கு எந்த ஆய்வும் இல்லை. குறைந்தது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றும்போது இந்த விளக்கைப் பார்த்துப் பதிவு செய்யலாம். சாவியைத் திருப்பிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இணையதளத்தில் வாகனங்களும் ஒரு துறை. அந்த உரிமை காகிதத்தில் நிற்காமல், ஏர்பேக் கோடு விவரங்களும் பயிற்சியும் எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். கற்றுக்கொள்ள வழி இருந்தால் குறுக்கு வழிக்குப் போகிறவர்கள் குறைவார்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்பேக் விளக்கு அணையாத வண்டியில் பழுது இருக்கிறது. செலவைக் கணக்குப் போட்டு, விலையைக் குறைத்துப் பேசலாம். சாவி போட்டதும் அந்த விளக்கு எரியவே எரியாத வண்டியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.