செல்ப் எடுக்கலையா?

தமிழில் வந்து கலந்த ஆங்கில வார்த்தைகளில் சுத்தப் பொய்யான வார்த்தை எது என்று கேட்டால், கார்க்காரர்கள் சொல்கிற 'செல்ப்' என்பேன். செல்ப் என்றால் தானாக, சுயமாக என்று அர்த்தம். ஆனால் அந்த மோட்டார் சுயமாக ஒரு துரும்பையும் அசைக்காது. சாவி உத்தரவு போட வேண்டும். பேட்டரி கரண்ட் தர வேண்டும். தலையில் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டு, பல்சக்கரத்தை முன்னால் தள்ளிவிட வேண்டும். அப்புறம்தான் ஐயா இரண்டு விநாடி சுற்றுவார். இஞ்சின் கிளம்பியதும் ஒதுங்கிக்கொள்வார்.

ஆனால் அந்த இரண்டு விநாடி வேலை நடக்கவில்லை என்றால் மொத்தக் காரும் தகர டப்பா. எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். காலையில் பூட்டைத் திறக்கிற பியூன். அவர் லீவு போட்டால்தான் அவர் அருமை மேனேஜருக்கே தெரியும்.

செல்ப் வருவதற்கு முன்னால் காரின் மூக்கில் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். இஞ்சினுக்குக் கோபம் வந்தால் எதிர்ப்பக்கமாக உதைக்கும். மணிக்கட்டு போச்சு. இதற்கு விடிவு கண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன் அவர் கடைகளில் வைக்கிற கல்லா மெஷினுக்கு மின்சார மோட்டார் பொருத்தியவர். அங்கே கற்ற பாடம்தான் இங்கே உதவியது. நாள் பூரா ஓட வேண்டிய மோட்டார்தான் பெரிதாக இருக்க வேண்டும். சில விநாடி ஓடினால் போதும் என்றால் சின்ன மோட்டாருக்குள் ஏகப்பட்ட கரண்டைத் திணிக்கலாம். 1912 மாடல் காடிலாக் காரில் அது வந்தது. நம் ஊரில் அதற்குப் பிறகும் வெகுகாலம் அம்பாஸடர் டிக்கியில் அந்தக் கம்பி படுத்திருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று.

என்னிடம் இருப்பது 2003-ஆம் வருஷத்து மாருதி 800. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த அந்த வம்சம். 2014-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஆபீஸில் என் காரைக் 'கொலு பொம்மை' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாதத் தவணை கிடையாது என்பது ஒரு தனி சுகம்.

ஒரு நாள் சாயங்காலம் மாட்டுத்தாவணியில், பூ மார்க்கெட் பக்கம் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், 'டக்'. அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி 'டக்'. தேதி 28. மறுநாள் காலை ஏழரைக்குள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கண் கட்டைப் பிரிக்க வேண்டும். புதிதாக ஆபரேஷன் பண்ணின கண்ணோடு, அந்தத் தூசியில் அவளை டூ வீலரில் வைத்துக்கொண்டு போக முடியாது.

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சர்வீஸ் சென்டர். பையன் வந்தான், சாவியைத் திருப்பினான், பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "புது மோட்டார்தான் சார். ஐயாயிரத்து ஐந்நூறு. நாளைக்கு மத்தியானம் வந்திரும்." டாக்டர் நாடி பார்க்காமலே ஆபரேஷன் தேதி குறித்த மாதிரி இருந்தது.

அங்கிருந்து நாலு கடை தள்ளித் தகரக் கொட்டகையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன். அறுபது வயசு இருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில்.

"லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்புங்க தம்பி."

திருப்பினேன். 'டக்'.

"லைட்டு மங்கலை பார்த்தீங்களா? பேட்டரி நல்லாருக்கு. கரண்ட் மோட்டார் வாசல் வரைக்கும் வருது, உள்ள போகமாட்டேங்குது." ஒரு ஸ்பானரை எடுத்து மோட்டாரின் விலாவில் செல்லமாக இரண்டு தட்டு தட்டினார். "இப்பத் திருப்புங்க." வண்டி கிளம்பியது!

"என்னண்ணே மந்திரம்?"

"மந்திரமும் இல்ல மாயமும் இல்ல. உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு. தட்டினா கொஞ்சம் ஒட்டும். இன்னும் நாலு தடவை எடுக்கும், அஞ்சாவது தடவை நடுரோட்டில கால வாரிரும்."

அன்று ராத்திரியே மோட்டாரைப் பிரித்துப் புது பிரஷ் போட்டார். கூலியோடு 550 ரூபாய். அம்மா மறுநாள் காரில்தான் போனாள். கட்டைப் பிரித்ததும் அவள் பார்த்த முதல் வஸ்து என் முகம். "என்னடா இப்படிக் கறுத்துட்ட" என்றாள். ஆபரேஷன் சக்சஸ்.

கிளம்பும்போது பெரியவர் சொன்னது முக்கியம். "ஆர்மேச்சர்ல பிரஷ் உரசுற செம்பும் தேஞ்சிருக்கு. ஆறேழு மாசம் ஓடும். அப்புறம் பிரஷ் போடாதீங்க, வீண் செலவு. புதுசே மாத்திருவோம்."

அவர் சொன்ன கணக்குப்படி ஏழாவது மாசம் மோட்டார் முனக ஆரம்பித்தது. கூடவே நின்று மாற்றுவதைப் பார்த்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். இதை மறந்துவிட்டு மோட்டாருக்குப் போகிற தடி ஒயரில் ஸ்பானரை வைத்து, அது பாடியிலும் பட்டால் தீபாவளிதான். நூறு ஆம்பியருக்கு மேல் போகிற ஒயர் அது. பிறகு அந்தத் தடி ஒயர், ஒரு சின்ன ஒயர், இரண்டு போல்ட். மோட்டார் கைக்கு வந்துவிட்டது. மாட்டும்போது இதே வரிசை தலைகீழ். நெகட்டிவ் ஒயர் கடைசியில்.

புதுசை உடனே மாட்டவில்லை. மோட்டார் இருந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, இஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, உள்ளே ஃப்ளைவீலைச் சுற்றி இருக்கிற பற்களைப் பார்த்தார்.

"மூணு சிலிண்டர் வண்டி ஆஃப் பண்ணினா பெரும்பாலும் அதே மூணு இடத்துலதான் வந்து நிக்கும் தம்பி. செல்ப் பல்லு போய்க் கடிக்கிறதும் அந்த மூணு இடத்துல. அங்க தேஞ்சிருந்தா, புது மோட்டார் போட்டும் 'கர்ர்'னு கத்தும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தாவணி என்றால் மாடுகளை வரிசையாகக் கட்டுகிற கயிறு, மாட்டுச் சந்தை. மாட்டுச் சந்தையில் வாயைத் திறந்து பல் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். 1999-இல் இங்கே பெரிய பஸ் நிலையம் வந்தது. மாடு போய்விட்டது, பல் பார்க்கிற வழக்கம் போகவில்லை.

இன்னொரு ஊர்ப் பெருமையும் உண்டு. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொழில் தொடங்கியது நம் மதுரையில். அந்தக் குடும்பம் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் ஆரம்பித்ததுதான் லூகாஸ் டிவிஎஸ். சென்னை பாடியில் இருக்கிற அந்தக் கம்பெனி செய்கிற சரக்குகளில் செல்ப் மோட்டாரும் ஒன்று.

பழைய கார் வைத்திருக்கிற தம்பிமார்களுக்கு, பெரியவரின் வைத்தியக் குறிப்பு:

சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' என்று வந்து லைட்டும் மங்கினால், பேட்டரி டவுன், அல்லது டெர்மினலில் பூஞ்சை. முதலில் வெந்நீர் விட்டுச் சுத்தம் பண்ணுங்கள். ஒரே ஒரு 'டக்', லைட் மங்கவில்லை: பிரஷ் அல்லது சாலினாய்டு. மோட்டார் 'விர்ர்' என்று சுற்றுகிறது, இஞ்சின் அசையவில்லை: பெண்டிக்ஸ். பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாகச் சாவியைத் திருப்பிப் பிடிக்காதீர்கள். அரை நிமிஷம் மூச்சு விடட்டும். தள்ளி எடுப்பதானால் சாவி ஆனில், இரண்டாவது கியர், கிளட்சை மிதித்து, வேகம் வந்ததும் விடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த வித்தை பலிக்காது.

புது மோட்டாருக்கு 4,200 கொடுத்தேன். "போல்ட் ரெண்டுதானேண்ணே, அரை மணி நேர வேலை, கூலி எவ்வளவு?" என்றேன். "போல்ட் கழட்டுறதுக்கு நூறு ரூபா. போன தடவை மாத்த வேணாம்னு சொன்னேன்ல, அதுக்கு முந்நூறு" என்றார். வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். கழற்றி மாட்டுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். எப்போது மாற்ற வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். பெரியவரிடமே இப்போது வேலை கற்கிற பையன் யாரும் இல்லை.

"உங்க மகன் இந்தத் தொழிலுக்கு வரலையா?"

"சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி. பட்டன் வண்டி வச்சிருக்கான், சிக்னல்ல தானா நின்னு தானாக் கிளம்புமாம்."

"பரவாயில்லையே."

"எங்க பரவாயில்ல? போன மாசம் எடுக்கலைன்னு எனக்குத்தான் போன் பண்ணினான்" என்றார். "லைட்டைப் போட்டுப் பாருடான்னேன்."