கணிப்பொறி வலிமையும் கைக்காசும்



பனியன் நகராம் திருப்பூரில் வாழும் நமக்கு இயந்திரத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஒரு நிட்டிங் மெஷின் ஓடுமிடத்தில் இரண்டு ஓடினால் துணியும் இரட்டிப்பாகும். இதே கணக்கைப் பிட்காயினுக்கும் போடுவோர் உளர். "கணிப்பொறி வாங்கப் பணம் தாருங்கள், நாணயம் பெருகும்" என்ற பேச்சு அவர்களை எளிதில் மயக்கிவிடுகிறது.

உண்மை என்ன? 2009இல் தொடங்கிய பிட்காயின் வலைப்பின்னலில், உலகெங்குமுள்ள கணிப்பொறிகள் ஓர் எண் புதிரை விடுவிக்கப் போட்டியிடுகின்றன. ஒரு நொடியில் எத்தனை முறை விடையை முயன்று பார்க்கின்றன என்பதே அவற்றின் வலிமை. இதனை 'ஹாஷ்ரேட்' என்பர். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வெற்றி. 2024 ஏப்ரல் முதல் அதற்குரிய புது நாணயம் 3.125 மட்டுமே.

கணிப்பொறிகள் பெருகினால், ஏறக்குறைய இரு வாரத்துக்கு ஒருமுறை புதிர் தானாகவே கடினமாகிவிடும். 2021இல் சீனா தடை விதித்தபோது வலிமை பாதியளவுக்குச் சரிந்தது, புதிரும் எளிதாயிற்று. ஆக, உலகில் இயந்திரங்கள் இரட்டித்தாலும் நாணயம் இரட்டிக்காது. மின்சாரச் செலவே ஏறும். கணக்கேட்டில் பொய் எழுத விழைபவன் மற்றெல்லாரையும் விஞ்ச வேண்டியிருப்பதால், இவ்வலிமை சிறந்த காவல்தான். ஆனால் காவல் வேறு, விளைச்சல் வேறு.

பிறர் இயந்திரம் கூட்டக் கூட நம் பங்கு குறையுமெனில், மாதந்தோறும் மாறாத வருவாய் எவ்வாறு கிட்டும்? கணிப்பொறிகளால் பிட்காயின் எடுத்து மாதம் 10 விழுக்காடு தருவதாகக் கூறிய 'கெயின்பிட்காயின்' திட்டத்தை நடத்தியவர் 2018இல் கைதானார். இத்தகைய வாக்குறுதி நம் ஊருக்கும் புதிதன்று. அந்நியச் செலாவணி வணிகத்தின் பெயரால் திருப்பூர் 'பாசி' நிறுவனம் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டி மோசடி செய்தது. அதன் இயக்குநர்களுக்குக் கோவை நீதிமன்றம் 2022இல் 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

தோழியரே, கண்விழித்துத் தைத்த பெற்றோரின் தீபாவளி போனஸ் நம் படிப்புக்கும் திருமணத்துக்கும் உரியது. அதைக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால், "எல்லாரும் இயந்திரம் வாங்கினால் எங்கள் பங்கு என்னவாகும்?" என்று வினவுங்கள். பெரியோர் பேசுமிடத்தில் பெண் பிள்ளைக்கு என்ன வேலை என்று யாரேனும் கூறினும் அஞ்ச வேண்டாம். கணக்குப் படித்தவள் வீட்டில் வாய் திறவாதிருப்பின், அப்படிப்பால் யாது பயன்?